மலைமேல கிளினிக் ஆரம்பிக்கணும், கையில 25 லட்சம் இருக்கு, போதுமா டாக்டர்?

இந்த தடவை ஒரு இளம் டாக்டரோட கடிதம். பேரு, மலை, மாவட்டம் எல்லாம் எடுத்துட்டேன், ஆளை அடையாளம் காட்டுற ஒண்ணு ரெண்டு விவரத்தையும் மாத்திட்டேன்.

எழுதினவருக்கு வயசு 31. எம்பிபிஎஸ் முடிச்சுட்டு டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில டியூட்டி டாக்டரா இருக்கார். மனைவி பி.எஸ்சி நர்சிங், ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. ஒரு மெடிக்கல் கேம்ப்புக்காக மலைமேல போயிருக்கார். அங்க 11 குக்கிராமம், சுமாரா 4,000 ஜனம், கீழ இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 24 கிலோமீட்டர், அதுல பாதி தூரம் ரோடுன்னு சொல்ற மாதிரி எதுவும் இல்ல, மழைன்னா ஜீப்பும் ஏறாது. துணை சுகாதார நிலையம் ஒண்ணு இருக்கு, ஆனா "எப்பப் பார்த்தாலும் பூட்டியே கிடக்கு"ன்னு எழுதியிருக்கார். கேம்ப் முடிஞ்சு இறங்குனதுல இருந்து அந்த ஊர் ஞாபகமாவே இருக்காம். மாமாவோட குடும்ப டிரஸ்ட்டும் காலேஜ் பேட்ச் நண்பர்களும் சேர்ந்து 25 லட்சம் தர்றதா சொல்லியிருக்காங்க. பிளான் இதுதான்: ஊர்க்காரர் ஒருத்தர் தன்னோட வன உரிமைப் பட்டா நிலத்துல கொஞ்சம் எழுதித் தர்றாராம், அதுல 18 லட்சத்துல பத்து பெட் கட்டடம், செகண்ட் ஹேண்ட் ஸ்கேன் மெஷின், சின்னதா ஒரு எக்ஸ்ரே, கொரோனா நேரத்துல யாரோ வாங்கிப் போட்ட காத்துல இருந்து ஆக்ஸிஜன் பிரிச்சுக் குடுக்குற கான்சென்ட்ரேட்டர் மெஷின் ரெண்டு, மருந்துக்கு நண்பர்கள் சேர்த்துத் தர்ற ரெப் சாம்பிள் (மருந்து கம்பெனி ஆளுங்க டாக்டருக்கு சும்மா குடுக்குறது), எல்லாமே இலவசம், பிரசவமும் உண்டு, இவர் கீழ வர்ற நாள்ல மனைவி பேஷண்ட் பார்த்துக்குவாங்க. கேக்குறது என்னன்னா, பணம் போதுமா, லைசென்ஸ் என்னென்ன வாங்கணும், பாம்புக்கடி மருந்து வெச்சுக்கலாமா, அப்புறம் "விழிப்புணர்வே இல்லாம பூசாரிகிட்டயும் ஊசி போடுற போலி டாக்டர்கிட்டயும் போற ஜனங்களை எப்படி மாத்துறது". கடைசியா ஒரு வரி: "மனைவிக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல, ஆனா மேல வந்துட்டா பழகிடும்."

தம்பி, போகாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். மலைமேல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன்ங்கிற முறையில உங்க கடிதத்தைப் படிச்சப்போ எனக்கு உறுத்துனது ஒண்ணுதான். நாலு பக்கக் கடிதத்துல கட்டடத்துக்கும் மெஷினுக்கும் ரெண்டு பக்கம் போயிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டுனா, அன்னைக்கு நீங்க கீழ இருந்தா, திறக்கப் போறது யாருன்னு ஒரு வரி இல்ல. மூணாவது வருஷம் சம்பளம் எங்க இருந்து வரும்னு இல்ல. ஜீப் ஓட்டுறது யாரு, நீங்க ரெஃபர் பண்ற பேஷண்டை கீழ யாரு எடுத்துக்குவாங்க, அதுவும் இல்ல. மலைமேல திறந்து மூடிக் கிடக்குற கிளினிக்குகளை நான் பார்த்திருக்கேன், ஒண்ணுல கூட கட்டடத்துக்குக் குறை இருந்ததில்ல, உள்ள ஆள்தான் இல்ல.

பணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தோராயமாதான் போடறேன், உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. வாடகை 5,000, நர்ஸுக்கு 20,000, ஊர்லயே எடுக்குற நாலு சுகாதாரப் பணியாளருக்கு தலைக்கு 7,000ன்னு 28,000, ஜீப்பு டீசல் 15,000, மருந்து லேப் சாமான் 35,000, உங்க சம்பளம் 35,000, சில்லறைச் செலவு 2,000. மாசம் 1,40,000 ஆகுது. 25 லட்சத்துல கட்டடத்துக்கு ஒரு பைசா எடுக்காம இருந்தாலே 18 மாசத்துல தீந்துடும். அதுல 18 லட்சம் கட்டடத்துக்குப் போச்சுன்னா மிச்சம் 7 லட்சம், அதாவது அஞ்சே மாசம். "எனக்கு சம்பளமே வேணாம்"னு எழுதியிருக்கீங்க, அது தியாகம்தான், ஆனா கணக்குல அது ஒரு பொய். நாளைக்கு நீங்க மேல்படிப்புக்குப் போனாலோ உடம்பு முடியாம போனாலோ உங்க இடத்துக்கு வர்ற டாக்டர் சும்மா வரமாட்டார், அன்னைக்குத்தான் கிளினிக்கோட உண்மையான செலவு என்னன்னு தெரியும். அதனால முதல் நாள்ல இருந்தே டாக்டர் சம்பளம்னு ஒரு வரி எழுதி வைங்க, எடுத்துக்கிட்டு திருப்பிக் குடுக்குறது உங்க இஷ்டம்.

நண்பர்கள்கிட்டயும் மொத்தமா ஒரு தொகை கேக்காதீங்க, மாசாமாசம் கேளுங்க. 40 பேர் ஆளுக்கு 2,000 ரூபா ஆட்டோ டெபிட் போட்டா மாசம் 80,000. திறப்பு விழா போட்டோவுக்குப் பணம் தர்றவங்க நிறைய பேர் கிடைப்பாங்க, பாராசிட்டமாலுக்கும் டீசலுக்கும் வருஷக்கணக்கா தர்றவங்கதான் உங்களுக்கு வேணும். இன்னொண்ணு, வெளிநாட்டுல இருக்குற பேட்ச்மேட்ல இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்குறவங்க அவங்க சொந்தக் காசை பேங்க் மூலமா அனுப்பலாம், அந்த ஊர் குடியுரிமை வாங்கிட்டவங்க காசு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள்ள வந்துடும், அதுக்கு டிரஸ்ட் தனியா பதிவு பண்ணியிருக்கணும். ஆடிட்டரைக் கேக்காம அந்தப் பணத்தை வாங்கிடாதீங்க.

கட்டடம் இல்லாம எப்படின்னு கேப்பீங்க. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவுல இருக்குற சிட்டிலிங்கிக்கு ரெஜி ஜார்ஜ், லலிதா ரெண்டு டாக்டரும் 1993ல போனப்போ ஆரம்பிச்சது ஒரு குடிசையில. இன்னைக்கு அங்க ஆஸ்பத்திரியே இருக்கு, ஆனா அது மேல மேல வளர்ந்தது உள்ளூர் பொண்ணுங்களை எடுத்து நர்ஸாவும் சுகாதாரப் பணியாளராவும் பழக்கினதாலதான். நீலகிரி கூடலூர்ல ஆதிவாசி மருத்துவமனை கதையும் அதேதான், முதல்ல கிராமத்துல சங்கம், அப்புறம் கிராமத்துல சுகாதாரப் பணியாளர், ஆஸ்பத்திரி அதுக்கப்புறம்தான் வந்துச்சு. முடிஞ்சா ரெண்டு இடத்துலயும் போய் கொஞ்ச நாள் தங்கி வேலை பாருங்க, நான் இங்க எழுதுறதை விட அது பெரிய பாடம்.

அந்த இடத்துல கட்டாதீங்க

இதைக் கண்டிப்பா சொல்லியாகணும். வன உரிமைச் சட்டம் 2006ல கிடைச்ச பட்டா வாரிசுக்குப் போகும், ஆனா விக்கவோ வேற யாருக்கும் மாத்தவோ முடியாது. அவர் எவ்வளவு நல்ல மனசோட வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தாலும் அந்தப் பேப்பருக்கு மதிப்பு கிடையாது. பிரச்சினை வந்தா உங்களுக்கு 18 லட்சம் போகும், அவருக்கு அவரோட நிலமே சிக்கல்ல மாட்டும், அதுதான் பெரிய பாவம். அதே சட்டத்துல ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரிக்கு ஒரு ஹெக்டேருக்குள்ள வன நிலம் ஒதுக்கலாம், கிராம சபை பரிந்துரை பண்ணா போதும்னு உங்களுக்கு யாரோ சொன்னதா எழுதியிருக்கீங்க. பாதிதான் சரி. அந்தப் பிரிவு அரசாங்கம் நடத்துற வசதிகளுக்கு மட்டும், தனியார் டிரஸ்ட்டுக்குக் கிடையாது. ஆனா ஊர் கேட்டா அரசாங்கமே துணை சுகாதார நிலையத்துக்கு நல்ல கட்டடம் கட்ட அந்த வழி இருக்கு, அதை கிராம சபையில எடுத்துச் சொல்லுங்க.

உங்களுக்கு இப்போதைக்கு ஊர் நத்தத்துல, அதாவது குடியிருப்பு நிலத்துல, ஒரு வாடகை வீடு போதும். மூணு ரூம், ஓட்டு வீடா இருந்தாலும் சரி. பார்க்க வேண்டியது வேற: ஜீப் வாசல் வரைக்கும் வருமா, தண்ணி இருக்கா, போன் சிக்னல் எங்க நின்னா கிடைக்கும், எல்லா ஊர்க்காரங்களும் அந்தத் தெருவுக்குள்ள சங்கடம் இல்லாம வந்து போக முடியுமா. கடைசியா சொன்னதை விசாரிக்காம வீடு பிடிச்சிட்டு அப்புறம் பாதி ஊர் ஏன் வரலைன்னு முழிக்கிறவங்க உண்டு.

"பூட்டியே கிடக்கு"ன்னு எழுதினீங்களே

மலைப்பகுதியில 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்ங்கிறது அரசாங்கக் கணக்கு. உங்க 4,000 பேருக்கு அந்தக் கிராம சுகாதார செவிலியர் ஒருத்தர்தான். அவங்க 11 ஊருக்கும் நடந்து போய் கர்ப்பிணி பார்க்கணும், தடுப்பூசி போடணும், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். கட்டடம் பூட்டியிருக்குன்னா அவங்க வேலை செய்யலைன்னு அர்த்தமில்ல, பல நாள் வேற ஊர்ல வேலையா இருக்காங்கன்னு அர்த்தம். நிஜமாவே வராதவங்களும் இருக்காங்க, இல்லைங்கல. ஆனா விசாரிக்காம முடிவு பண்ணாதீங்க, ஏன்னா மலைமேல உங்களுக்குக் கிடைக்கப்போற முதல் கூட்டாளி அந்த அம்மாதான். எந்த வீட்டுல யாருக்கு எத்தனாவது மாசம், எந்தக் குழந்தை எடை ஏறல, எல்லாம் அவங்க நோட்டுல இருக்கு. நீங்க போய் "அரசாங்கம் செய்யாததை நான் செய்ய வந்திருக்கேன்"னு ஒரு வார்த்தை விட்டீங்கன்னா அந்த நோட்டு உங்களுக்குக் கடைசி வரைக்கும் கிடைக்காது.

அரசாங்கம் இலவசமா தர்றதை நீங்க காசு போட்டு வாங்காதீங்க. தடுப்பூசி அவங்க மூலமாவே வரட்டும், நீங்க இடமும் கூட்டமும் ஏற்பாடு பண்ணிக் குடுங்க. டிபி மருந்து அரசாங்கத்துல இலவசம், தனியார் டாக்டரா நீங்க டிபி கண்டுபிடிச்சா அரசுக்குத் தெரிவிக்கணும்ங்கிறது 2012ல இருந்தே கட்டாயம். சுகர், பிரஷர் பேஷண்டை 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் லிஸ்ட்ல சேர்த்துவிடுங்க, மாத்திரை வீட்டுக்கே வரும், வரலைன்னா ஏன் வரலைன்னு கேக்க ஊர்ல ஒரு டாக்டர் இருக்கீங்க. இதெல்லாம் பண்ணா 'டாக்டர்தான் இருக்காரே'ன்னு அரசாங்கம் அந்தப் போஸ்ட்டைக் காலியாவே விட்டுடும்ங்கிற ஆபத்தும் குறையும், அது நிஜமா நடக்குற விஷயம்.

லைசென்ஸ், அப்புறம் மனைவி தனியா பேஷண்ட் பார்க்குறது

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997, அதுக்கான விதிகள் 2018ல வந்துச்சு. ஒரு ரூம் கிளினிக்கா இருந்தாலும் மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். பெட் போட்டா இடம், ஆள், தீயணைப்புன்னு கேள்வி கூடிக்கிட்டே போகும், அதனால முதல்ல பெட் இல்லாத கிளினிக்கா பதிவு பண்ணுங்க. மருத்துவக் கழிவுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட அனுமதி வாங்கணும், பெட் இல்லாத இடத்துக்கு அது ஒரே தடவைதான், அதுவும் ஒரு லாபம். ஊசியை எரிக்கிறது, பள்ளத்துல கொட்டுறது எல்லாம் கூடாது, ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவுல போட்டு கழிவு எடுக்குற கம்பெனிக்குக் குடுக்கணும். அவங்க வண்டி மலைக்கு ஏறாதுன்னா வாராவாரம் அடிவாரத்துல ஒப்படைக்க ஏற்பாடு பேசிக்கோங்க. ஆழக்குழி வெட்டிப் புதைக்கிறது பொதுச் சுத்திகரிப்பு வசதி எட்டாத இடத்துக்கு மட்டும், அதுவும் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான்.

ஸ்கேன் மெஷினை விட்டுடுங்க. கருவின் பாலினம் கண்டறியுறதைத் தடுக்குற 1994 சட்டத்துல மெஷின் வாங்குறதுக்கு முன்னாடியே இடம் பதிவாகியிருக்கணும், எம்பிபிஎஸ் டாக்டர் ஸ்கேன் பண்ண ஆறு மாச டிரெய்னிங் வேணும், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஃபார்ம் எழுதணும், அதுல சின்னத் தப்பு இருந்தாலும் கேஸ்தான். பதிவில்லாத இடத்துக்கு செகண்ட் ஹேண்ட் மெஷினை நண்பர் வண்டியில ஏத்தி அனுப்புறது விளையாட்டு இல்ல, அவரும் மாட்டுவார். எக்ஸ்ரேக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துகிட்ட போகணும், இப்ப தேவையில்ல. மருந்துக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கு, பதிவு பெற்ற டாக்டர் தன்னோட பேஷண்டுக்கு நேரடியா மருந்து குடுக்க மருந்துக்கடை லைசென்ஸ் வேணாம், ஆனா கடை மாதிரி கவுண்ட்டர் வெச்சு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் விக்கக் கூடாது.

மனைவி விஷயம். நல்ல நர்ஸோட கையும் கண்ணும் பல சமயம் எம்பிபிஎஸ்ஸை விட மேல, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க இல்லாத நாள்ல அவங்க தானா நோய் முடிவு பண்ணி மருந்து எழுதுனா, தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019 படி அது தகுதியில்லாம வைத்தியம் பண்றது, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். ஏதாவது ஒரு குழந்தை இறந்துபோச்சுன்னா அந்த நாள் அவங்க பேருதான் முதல்ல அடிபடும், உங்க பேரு இல்ல. வழி இருக்கு. 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்ல, நர்ஸ் மாதிரி சுகாதாரப் பணியாளர் பேஷண்ட் பக்கத்துல இருந்து டாக்டரைப் போன்லயோ வீடியோலயோ கூப்பிட்டு, டாக்டர் மருந்து சொல்றதுக்கு இடம் குடுத்திருக்காங்க. எந்த மருந்தை எந்த முறையில எழுதலாம்னு பட்டியல் இருக்கு, பிரின்ட் எடுத்து செவுத்துல ஒட்டுங்க. நீங்க கீழ வர்ற நாள்ல போன் எடுக்க ரெண்டு நண்பர்களைப் பேசி வைங்க, ஒவ்வொரு கன்சல்டேஷனும் நோட்டுல ஏறணும். போனுக்கு சிக்னலே இல்லாத ஊர்னா அன்னைக்கு முதலுதவியும் ரெஃபரலும் மட்டும்தான், அதை ஊர்க்கூட்டத்துல முன்கூட்டியே சொல்லிடுங்க.

மருந்தும் கரண்டும்

ரெப் சாம்பிள் வெச்சு கிளினிக் நடத்த முடியாது. பையில என்ன வரும்? புதுசா வந்த ஆன்டிபயாட்டிக் நாலு ஸ்ட்ரிப், வைட்டமின் பத்து, மூணு மாசத்துல எக்ஸ்பைரி ஆகுற சிரப். ஓஆர்எஸ் வராது, துத்தநாக மாத்திரை வராது, இரும்புச்சத்து மாத்திரை வராது, சிரங்குக்குப் பூசுற பெர்மெத்ரின் போதுமான அளவுக்கு வராது. பிரஷர் பேஷண்டுக்கு இந்த மாசம் ஒரு மாத்திரை அடுத்த மாசம் வேற மாத்திரைன்னு குடுத்தா அவங்க ரெண்டையும் சேர்த்து முழுங்குவாங்க. 50, 60 மருந்துக்கு ஒரு லிஸ்ட் போடுங்க, ஜெனரிக்கா வாங்குங்க. மக்கள் மருந்தகம் இருக்கு, குஜராத்ல வடோதரால இருந்து லோகாஸ்ட்னு ஒரு டிரஸ்ட் 1983ல இருந்து தொண்டு ஆஸ்பத்திரிகளுக்குக் குறைஞ்ச விலையில மருந்து பண்ணித் தர்றாங்க, அவங்ககிட்ட கேளுங்க. ஒவ்வொரு மருந்தும் மாசம் எவ்வளவு போகுதுன்னு எழுதுங்க, ஆர்டர் போட்டா வந்து சேர எத்தனை நாள், அதுக்கு மேல ஒரு மாசக் கையிருப்பு. ஐப்பசி கார்த்திகைக்கு ரோடு போயிடும், அதனால புரட்டாசிக்குள்ள கூடுதலா ரெண்டு மாச ஸ்டாக் மேல ஏறியிருக்கணும். டப்பாவை எக்ஸ்பைரி முன்னாடி வர்றது முன்னாடின்னு அடுக்குற வேலையை பொறுப்பான ஒரே ஆள்கிட்ட விடுங்க, நாலு பேர்கிட்ட விட்டா யார்கிட்டயும் விடாத மாதிரிதான்.

கான்சென்ட்ரேட்டர் ரெண்டு கிடைச்சதுல சந்தோஷப்பட்டிருக்கீங்க, கணக்குப் பாருங்க. அஞ்சு லிட்டர் மெஷின் ஒண்ணு சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர்ல வர்ற 150 ஏஹெச் 12 வோல்ட் பேட்டரியில 1,800 வாட்-மணி, லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணா சீக்கிரம் செத்துடும், அப்ப உங்களுக்குக் கிடைக்கிறது 900. ரெண்டரை மணி நேரம்தான் தம்பி. நிமோனியா குழந்தை ராத்திரி எட்டு மணிக்கு வந்தா பத்தரைக்கு மெஷின் நின்னுடும். அதனால பி டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் ரெண்டு வைங்க, ஒண்ணுல சுமார் 1,500 லிட்டர், நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் வெச்சா 12 மணி நேரம் வரும், ஜீப்லயும் ஏத்தலாம். சோலார் போடுறதா இருந்தா எந்த மெஷின் எத்தனை வாட், எத்தனை மணி நேரம்னு எழுதிட்டு அப்புறம் கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்க, அவன் சொல்ற கிலோவாட்டை வெச்சு இல்ல.

கருவி சுத்தம் பண்ண அடுப்புல வைக்கிற ஆட்டோகிளேவ் போதும், 15 பவுண்டு பிரஷர், 121 டிகிரி, 20 நிமிஷம். வெறுமனே கொதிக்க வெச்சு எடுக்காதீங்க, மலை உயரத்துல தண்ணி 100 டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிடும். இன்சுலின், பிரசவ ரத்தப்போக்கை நிறுத்துற ஆக்ஸிடோசின் மாதிரி ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்க வேண்டியதுக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், உள்ள தெர்மாமீட்டர், காலையும் சாயந்திரமும் எழுதுற சார்ட். கரண்ட் போய் வந்த ஃப்ரிட்ஜ் வெளிய சில்லுன்னுதான் இருக்கும், அதை நம்பி ஆக்ஸிடோசின் போட்டு ரத்தம் நிக்காம இருந்தா அப்ப யாரைக் கேக்குறது?

பாம்புக்கடி, பிரசவம்

விஷமுறிவு மருந்து வெச்சுக்கலாம், நீங்க அங்க இருக்குற வரைக்கும். பவுடரா வர்றது சாதாரண வெப்பத்துல இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்க. குறைஞ்சது 20 வயல் (சின்ன மருந்துக் குப்பி), ஏன்னா முதல் தடவையே 10 வயல் போயிடும், குழந்தைக்கும் அதே அளவுதான், எடைக்குக் குறைக்கிறது இல்ல. பக்கத்துலயே, அந்த மருந்து ஒத்துக்காம போனா போடுற அட்ரினலின் ஊசியில ஏத்தி ரெடியா இருக்கணும், அது இல்லாம விஷமுறிவு மருந்தைத் தொடாதீங்க. கண்ணாடி விரியன், சுருட்டை விரியனுக்கு சுத்தமான கண்ணாடி டியூப்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆடாம வெச்சு உறையுதான்னு பார்க்குற டெஸ்ட் போதும், லேப் வேணாம், ஆனா பிளாஸ்டிக் டியூப்ல பண்ணா தப்பாக் காட்டும். கட்டு விரியன்தான் ஏமாத்தும். தரையில படுத்திருந்தவங்க விடிகாலைல வயித்து வலின்னு வருவாங்க, கடிவாயே தெரியாது, கொஞ்ச நேரத்துல கண் இமை தொங்கும். அவங்களுக்கு மருந்தை விட முக்கியம் மூச்சு, ஆம்பு பேக்கை (கையால அமுக்கி மூச்சு குடுக்குற பை) அமுக்கிக்கிட்டே 24 கிலோமீட்டர் கூட வர ஒரு ஆள் பழகியிருக்கணும். நர்ஸோட சேர்த்து நாலு பணியாளருக்கும் அந்தப் பயிற்சி குடுங்க. 108 மேல ஏறாதுன்னா பாதி வழி வரைக்கும் ஜீப், அங்க இருந்து 108ன்னு ஊர்ல ஜீப் வெச்சிருக்குறவங்க ரெண்டு பேர்கிட்ட ரேட் பேசி எழுதி வைங்க, டீசல் காசு கிளினிக்ல எப்பவும் கவர்ல இருக்கணும்.

பிரசவத்தை முதல் ரெண்டு வருஷம் எடுக்காதீங்க. உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிக்கலைன்னா ரெண்டு மணி நேரத்துல உயிர் போயிடலாம், உங்க ஊர்ல இருந்து ரத்தம் ஏத்துற ஆஸ்பத்திரிக்கு மழை நாள்ல அதுக்கு மேலயே ஆகும். தமிழ்நாட்டுல பிரசவம் 99 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரியிலதான் நடக்குது, மிச்சம் இருக்குறதுல பெரும்பங்கு உங்க மலை மாதிரி இடம்தான். அங்க தேவை லேபர் ரூம் இல்ல, தேதி நெருங்குனவங்களைப் பத்து நாள் முன்னாடி கீழ கூட்டிட்டுப் போய்த் தங்க வைக்கிற ஏற்பாடு. பழங்குடிப் பகுதியில சில ஆரம்ப சுகாதார நிலையத்துல அதுக்குன்னே காத்திருப்பு அறை இருக்கு. ஏன் போகலைன்னு கேட்டீங்கன்னா வீட்டுல மிச்ச குழந்தைங்களை யாரு பார்ப்பா, ஆடு மாட்டை யாரு பார்ப்பா, கூட வர்றவங்களுக்குச் சோறு யாரு போடுவான்னுதான் பதில் வரும். அந்த மூணுக்கு நீங்க வழி பண்ணா லேபர் ரூம் கட்டுறதை விட அதிக உயிர் பிழைக்கும், செலவும் கம்மி. அதையும் மீறி வாசல்ல வந்து பெத்துடறவங்க இருப்பாங்க, அதுக்கு ஆக்ஸிடோசின், குழந்தைக்கு பேக் மாஸ்க், சுத்தமான கிளாம்ப், ரெடியா இருக்கட்டும்.

இப்ப அந்த "விழிப்புணர்வே இல்லாத ஜனங்க". எனக்கு இந்த வார்த்தை பிடிக்கிறதில்ல, ஆனா உங்களைத் திட்டுறதுக்காகச் சொல்லல, காலேஜ்ல நமக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. மகாராஷ்டிரா கட்சிரோலியில அபய் பங், ராணி பங் ரெண்டு டாக்டரும் 1986ல வேலை ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரிக்கு ஏன் வர்றதில்லைன்னு அங்க இருக்குற கோண்டு பழங்குடி ஜனங்களைக் கேட்டப்போ, பெரிய கட்டடத்தைப் பார்த்தா பயமா இருக்கு, சொந்தக்காரங்களை உள்ள விடமாட்டேங்குறாங்க, எங்க சாமியும் அங்க இல்லன்னு சொல்லியிருக்காங்க. அதனால அங்க ஆஸ்பத்திரியையே குடிசை குடிசையா ஊர் மாதிரி கட்டி, அவங்க தெய்வம் தந்தேஸ்வரி பேரையே வெச்சாங்க. அதே இடத்துலதான் படிப்பு கம்மியான கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி குடுத்து பச்சைக்குழந்தையை வீட்டுலயே பார்க்க வெச்சு, பிறந்த மாசத்துக்குள்ள நடக்குற சாவை 62 சதவீதம் குறைச்சாங்க, 1999ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. உங்க மலையிலயும் பூசாரி நடு ராத்திரியில கூப்பிட்டா வர்றார், கடனுக்கு வைத்தியம் பார்க்குறார், ஒரு நாள் கூலி போகாது. ஊசி போடுறவரும் அப்படித்தான். அவங்ககிட்ட போறது ஜனங்களோட கணக்கு. நீங்க ராத்திரியில கதவு திறக்க ஆரம்பிச்சா அந்தக் கணக்கு தானா மாறும். பூசாரிகிட்ட போய்ப் பேசுங்க, "வலிப்பு, மூச்சு வாங்குறது, பாம்புக்கடி, இந்த மூணு வந்தா மந்திரிச்சுட்டு உடனே எங்கிட்ட அனுப்புங்க"ன்னு கேளுங்க. ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் ஊசியில ஏத்துற போலி ஆள்கிட்ட அந்த சமரசம் வேணாம், ஆனா வந்த முதல் மாசமே போலீஸுக்கும் போகாதீங்க, ஊர் உங்களைத்தான் வெளியாளாப் பார்க்கும்.

இலவசம்ங்கிறதையும் ஊர்க்கூட்டத்துல வெச்சு முடிவு பண்ணுங்க. கூடலூர்ல ஆதிவாசி சங்கத்துக்காரங்களே 1992ல இருந்து வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி காப்பீடு மாதிரி நடத்துறாங்க. குடும்பத்துக்கு வருஷம் இவ்வளவு, முடியாதவங்களுக்கு வேணாம், யாருக்கு முடியாதுங்கிறதை ஊரே சொல்லட்டும். பத்து ரூபா கட்டுனவர் மருந்து இல்லைன்னா சண்டைக்கு வருவார், அந்தச் சண்டை நல்லது. சுகாதாரப் பணியாளர் யாருங்கிறதையும் ஊர்தான் சொல்லணும். கல்யாணத்துக்கு இருக்குற பொண்ணுங்களை எடுத்தா பயிற்சி முடியுற நேரம் வேற ஊருக்குப் போயிடுவாங்க, முப்பது வயசுக்கு மேல, ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்த, எழுதப் படிக்கத் தெரிஞ்ச அம்மாதான் நிப்பாங்கங்கிறது என் அனுபவம்.

வீட்டுல

"மேல வந்துட்டா பழகிடும்." இந்த பிளான்ல எனக்கு ரொம்ப பயமா இருக்குறது இந்த வரிதான், பாம்பு கூட இல்ல. உங்க திட்டப்படி நர்ஸ் அவங்க, நீங்க இல்லாதப்போ பொறுப்பு அவங்க, சமையலும் குழந்தையும் அவங்க தலையிலதான் விழும், ராத்திரி கதவு தட்டுனா எழுந்திரிக்கிறதும் அவங்கதான். சம்பளம்னு அவங்களுக்கு நீங்க எதுவும் எழுதல. பாதி கிளினிக் அவங்களா இருக்கும்போது, முடிவு எடுத்தது நீங்க மட்டும். குழந்தைக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல ஸ்கூல், அங்க என்ன ஸ்கூல் இருக்குன்னு போய்ப் பார்த்தீங்களா? ஊருக்கு ஒரு டாக்டர் குடும்பம் தனியா போறது கஷ்டம், இன்னொரு டாக்டரோ நர்ஸோ குடும்பமா கூட வந்தா நிலைமையே வேற, மாசத்துல ஒரு வாரம் மாத்தி மாத்தி இறங்கலாம். அவங்க வேணாம்னு சொன்னா, இப்ப இருக்குற வேலையோட மாசம் நாலு நாள் அந்தத் துணை சுகாதார நிலையத்துல உட்கார்ந்து பார்க்குறதுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மெடிக்கல் ஆபீசர்கிட்ட அனுமதி கேக்கலாம், பணியாளர் பயிற்சியையும் அங்கயே ஆரம்பிக்கலாம். அது குறைஞ்ச வேலை இல்ல.

அடுத்த ஆறு மாசத்துக்கு 25 லட்சத்தைத் தொடாதீங்க. மனைவியையும் குழந்தையையும் கூட்டிட்டு, கேம்ப் இல்லாம, சும்மா போய் பத்து நாள் தங்குங்க, முடிஞ்சா மழைக்காலத்துல. செவிலியர் அம்மாவோட 11 ஊரும் நடந்து வாங்க. வீடு வீடா போய் போன வருஷம் யாரு இறந்தாங்க, எதனால, எங்க கூட்டிட்டுப் போனீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு கேட்டு எழுதுங்க, உங்க மருந்து லிஸ்ட்டும் ரெஃபரல் லிஸ்ட்டும் அதுல இருந்துதான் வரணும். கீழ தாலுகா ஜிஹெச்ல தலைமை டாக்டரைப் பார்த்து நீங்க அனுப்புற பேஷண்டுக்கு யாருக்குப் போன் பண்ணணும்னு நம்பர் வாங்கிக்கோங்க. இதெல்லாம் முடிஞ்சு ரெண்டு பேருக்கும் சம்மதம்னா வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு இணை இயக்குநர் ஆபீஸ்ல விண்ணப்பம் போடுங்க, வாடகை ஒப்பந்தமும் உங்க மருத்துவக் கவுன்சில் பதிவு நகலும் கையோட எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா ரெண்டு தடவை மலை இறங்க வேண்டியிருக்கும்.